தெளிநீரில் கெண்டை பிடித்தல்

தெளிநீரில் கெண்டை பிடித்தல் என்பது, அடித்தரை கண்ணுக்குத் தெரியும் அளவிற்குத் தெளிந்த ஏரி, குளம், கிணறு, ஆற்று மடு முதலிய நீர்நிலைகளில் வாழும் கெண்டை மீன்களைத் தூண்டிலால் பிடிக்கும் முறையாகும். கலங்கிய நீரில் மீனுக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு திரை இருக்கிறது. தெளிந்த நீரில் அத்திரை இல்லை. மீனை மனிதன் காண்பதற்கு முன்னரே மனிதனை மீன் கண்டுவிடுவதால், இம்முறையில் இரையைவிடவும் முள்ளைவிடவும் பிடிப்பவர் கரையை அணுகும் விதமே முதன்மையானது. முயற்சிகளுள் பெரும்பாலானவை முள் நீரில் விழுவதற்கு முன்பே தோற்றுவிடுகின்றன.

பெயர்

தமிழில் கெண்டை என்னும் சொல் ஒரே இனத்தைக் குறிப்பதன்று. பழைய வழக்கில் அது பெரும்பாலும் ஆற்றிலும் வயல் வாய்க்கால்களிலும் காணப்படும் சிறு மீன்களைக் குறித்தது. பெண்களின் கண்ணுக்கு உவமையாகக் கூறப்படும் கெண்டையும் கயலும் இவ்வகையினவே. இன்று சந்தையில் கெண்டை என விற்கப்படுபவை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய இந்தியப் பெருங்கெண்டைகளும், சாதாக் கெண்டை, புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை ஆகிய வெளிநாட்டு இனங்களும் ஆகும். இவை யாவும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் 'ஜிலேபிக் கெண்டை' எனப்படும் திலாப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட வேறொரு குடும்பத்து மீன். பனையேறிக் கெண்டையும் பெயரளவில் மட்டுமே கெண்டை. இவ்வேறுபாடு தூண்டிலிடுபவருக்குப் பயன்படுவது. ஜிலேபி துணிந்து கொத்தும் மீன். அதைப் பிடித்துப் பழகிய கை, சாதாக் கெண்டையிடம் பெரும்பாலும் ஏமாறும்.

குரும்பலூர் வட்டாரத்து நீர்நிலைகள்

குரும்பலூர் பெரம்பலூர் மாவட்டத்தில், பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி. மேற்கே பச்சைமலை உள்ளது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இவ்வட்டாரத்தில் இல்லை. மழைநீரைத் தேக்கும் ஏரிகளும், பாறையை வெட்டித் தோண்டிய பாசனக் கிணறுகளுமே இங்கு மீன் வாழும் இடங்கள்.

ஏரிகளின் தெளிவு பருவத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மண்ணும் கரிசலும் கலந்து வரும் வெள்ளம் நீரைக் கலக்கிவிடுகிறது. மழை நின்றபின் வண்டல் மெல்லப் படிகிறது. தை, மாசி மாதங்களில் நீர் தெளிந்து காணப்படும். கோடையில் நீர் வற்றி ஆழம் குறையும்போது காற்றும் கால்நடைகளும் மீன்களும் அதனை மீண்டும் கலக்குகின்றன. ஆகவே ஏரியில் தெளிநீர்த் தூண்டிலுக்கு உரிய காலம் ஆண்டில் சில வாரங்களே. கிணறுகளின் நிலை வேறு. அவற்றில் வண்டல் வந்து சேர்வது குறைவு என்பதால் நீர் நெடுநாள் தெளிந்திருக்கும்.

அண்டையிலுள்ள அரியலூர் மாவட்டத்தில் சிமெண்டுத் தொழிலுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குழிகளில் நீர் தேங்கியுள்ளது. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச்சத்து களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் படியச் செய்யும் தன்மையது. சுண்ணாம்புப் பாறை நீர்நிலைகள் பொதுவாகத் தெளிந்து நீலப்பச்சையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாக் கெண்டை தானே நீரைக் கலக்கும் மீன் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அடிமண்ணை வாயால் உறிஞ்சி, உணவை வடித்துக்கொண்டு மண்ணைத் துப்புவது அதன் இயல்பு. இம்மீன் மிகுந்த எண்ணிக்கையில் உள்ள ஆழம் குறைந்த நீர்நிலை தெளிந்திருப்பது அரிது. ஆஸ்திரேலியாவின் மர்ரி–டார்லிங் ஆற்றுப்படுகையில் இது பெருந்தொல்லையாகக் கருதப்படுவதற்கு இப்பழக்கமும் காரணமாகும். எனவே ஒரு குளத்தில் நீர் தெளிந்தும் சாதாக் கெண்டை இருந்தும் காணப்பட்டால், அங்குள்ளவை எண்ணிக்கையில் சிலவாகவும் அளவில் பெரியனவாகவும் இருக்க வாய்ப்புண்டு. அத்தகைய மீன்களே பிடிப்பதற்கு மிகக் கடினமானவை.

மீன் காணும் உலகம்

நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே தெரிகிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. இதனால் அடிவானம் முதல் அடிவானம் வரையுள்ள 180 பாகைக் காட்சி, மீனின் கண்ணில் சுமார் 97 பாகைக் கூம்பிற்குள் சுருங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ள மீனுக்கு இச்சாளரத்தின் விட்டம் நீர்ப்பரப்பில் ஏறத்தாழ 2.3 மீட்டர். மீன் ஆழத்திற்குச் சென்றால் சாளரம் அகலும். மேலே வந்தால் குறுகும். சாளரத்திற்கு வெளியே உள்ள நீர்ப்பரப்பு, குளத்தின் அடித்தரையைப் பிரதிபலிக்கும் கண்ணாடிபோல் மீனுக்குத் தோன்றும்.

சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இல்லை என்பதே தூண்டிலிடுபவர் அறிய வேண்டிய செய்தி. அடிவானத்திற்கு மேல் முதல் 10 பாகைக்குள் உள்ளவை அனைத்தும் சாளரத்தின் ஓரத்தில் சுமார் 1 பாகை அகலமுள்ள பட்டையில் நசுங்கிவிடுகின்றன. மேலும், 10 பாகைச் சாய்வில் நீர்ப்பரப்பில் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கும், 5 பாகைச் சாய்வில் பாதிக்கு மேலும் எதிரொளிக்கப்பட்டு நீருக்குள் செல்லாமலே போய்விடுகின்றன. ஓர் எளிய கணக்கைக் காணலாம். நீர்மட்டத்தை ஒட்டிய கரையில், சாளரத்தின் விளிம்பிலிருந்து 5 மீட்டர் தொலைவில் 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிற்கிறார் எனக் கொள்வோம். மீனின் கண்ணில் அவர் ஏறத்தாழ 3.3 பாகை உயரமாகத் தெரிவார். அவரே 0.8 மீட்டர் உயரத்திற்குக் குனிந்து அமர்ந்தால் 0.8 பாகை மட்டுமே. உயரம் பாதியாகக் குறைந்தாலும் மீனுக்குத் தெரியும் உருவம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

இதே மனிதர் நீர்மட்டத்திற்கு 3 மீட்டர் மேலுள்ள ஏரிக்கரையின் மீது நின்றால் கணக்கு தலைகீழாகும். அவருடைய தலை 43 பாகை உயரத்தில், சுருங்காத பகுதியில், வானத்தின் வெளிச்சத்திற்கு எதிரே கருநிழலாகத் தெரியும். கரைமேல் நடந்து சென்று மீனைத் தேடுவது நம் ஊர்களில் இயல்பான பழக்கம். மீன் இருப்பதை அறிய அது உதவும். ஆனால் அவ்வாறு கண்ட மீனை அப்போதே பிடிக்க இயலாது.

பிற புலன்கள்

கெண்டைக் குடும்ப மீன்களுக்கு வெபர் எலும்புகள் எனப்படும் சிறு எலும்புத் தொடர் உண்டு. இது காற்றுப்பையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகிறது. அதனால் பல மீன்களைவிடக் கெண்டைகள் கூர்மையாகக் கேட்கும். உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு அருகிலுள்ள நீரசைவை உணரும். கரையில் இயல்பாகப் பேசும் ஒலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் எதிரொளிக்கப்பட்டுவிடும். கால் மிதிப்பும் கல் உருள்வதும் வாளியைத் தரையில் வைப்பதும் நிலத்தின் வழியே நீருக்குச் சென்றுவிடும். எனவே 'பேசாதே' என்று சிறுவர்களை அதட்டுபவர், தாமே தடதடவென்று நடந்து வந்தால் பயனில்லை.

சாதாக் கெண்டையின் வாயோரத்தில் இரண்டு இணை மீசைகள் உள்ளன. இவற்றிலும் உதடுகளிலும் வாயின் உட்புறத்திலும் சுவை உறுப்புகள் நிறைந்துள்ளன. தாடையில் பற்கள் இல்லை. தொண்டையில் உள்ள பற்களால் உணவை அரைக்கும். இரையை உறிஞ்சி, சோதித்து, ஐயம் தோன்றினால் நொடியில் துப்பிவிடும் ஆற்றல் இதற்குண்டு. தக்கை சற்றும் அசையாமல் இரை பலமுறை வாய்க்குள் சென்று திரும்பியிருக்கக்கூடும் என்பதைத் தெளிநீரில் நேரில் காணலாம்.

ஆஸ்திரிய அறிவியலாளர் கார்ல் வான் பிரிச்சு 1938-இல் விளக்கிய அச்சப்பொருளும் இங்குக் கருதத்தக்கது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீனின் தோல் காயமுற்றால் அதிலிருந்து வெளிப்படும் பொருளை முகர்ந்து கூட்டத்திலுள்ள பிற மீன்கள் சிதறி ஓடுவதை அவர் கண்டார். இத்தன்மை கெண்டை மீன்களிலும் உண்டு.

அணுகும் முறை

மீனைக் கண்டபின் அதை நோக்கிச் செல்லாமல், அது வரப்போகும் இடத்திற்கு முன்னரே சென்று காத்திருப்பதே அனுபவமுள்ளோர் கையாளும் வழி. கெண்டைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் சுற்றி வருபவை. பாசியின் விளிம்பு, கருவேல மரத்தின் நிழல், மதகை ஒட்டிய பள்ளம் ஆகியவை அவை வழக்கமாக நின்று செல்லும் இடங்கள். அடிமண்ணிலிருந்து எழும் சிறு குமிழிகளும், தெளிந்த நீரில் புகைபோல் எழும் கலங்கலும் சாதாக் கெண்டை மேய்வதைக் காட்டும். மிர்காலும் அடியில் மேயும் மீன். ரோகு நடுநீரிலும் கட்லா மேல்நீரிலும் உண்பவை. புல் கெண்டை கரையோரப் புல்லின் நுனியை இழுப்பதைச் சில வேளைகளில் காணலாம்.

மேற்பரப்பின் மினுமினுப்பை நீக்கும் முனைவாக்கக் கண்ணாடி அணிந்தால் மீனைக் காண்பது எளிதாகும். ஒளிவிலகலால் மீன் தோன்றும் இடத்தைவிட உண்மையில் ஆழமாகவும் சற்று அருகிலும் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அமர்பவருக்குப் பின்னால் புதரோ வரப்போ இருப்பது நல்லது. வானத்தைப் பின்புலமாகக் கொண்டு அமரக்கூடாது. மறைவைவிடவும் முக்கியமானது அசையாமை. ஆடைக்கு மங்கிய பச்சை அல்லது மண்நிறம் போதும். சூரியன் முதுகுப்புறம் தாழ்ந்திருந்தால் நிழல் நீண்டு நீரில் விழும். கைக்கோலின் நிழலும் அவ்வாறே. இலேசான காற்று வீசி நீர்ப்பரப்பு சிலிர்க்கும்போது சாளரம் உடைந்து மீனின் பார்வை குழம்புகிறது. தெளிநீரில் தூண்டில் வீசுவதற்கு அதைவிட நல்ல தருணம் இல்லை. அடுத்த நல்ல வேளைகள் விடியற்காலையும் அந்திப்பொழுதும்.

இரையும் கருவியும்

உலகெங்கும் கெண்டைத் தூண்டிலில் மிகுதியாகப் பயன்படும் இரைகளுள் ஒன்று மக்காச்சோளம். தமிழகத்தில் அது மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூரும் ஒன்று. எனவே குரும்பலூரில் இரைக்குப் பஞ்சமில்லை. உலர்ந்த மணிகளை ஒரு நாள் ஊறவைத்து, நசுங்கும் பதம் வரும்வரை வேகவைக்க வேண்டும். ஊறாத மணி மீனின் குடலில் உப்பும் என்பதால் அதனைத் தூவுதல் கூடாது. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சேர்த்துப் பிசைந்த உருண்டை மணத்தால் மீனை ஈர்க்கும். ஆனால் தெளிநீரில் பெரிய உருண்டையைத் தொப்பென்று எறிந்தால் இருக்கும் மீனும் போய்விடும். முதல் நாள் மாலையில் ஒரு கைப்பிடி மணிகளைத் தூவிவிட்டு, மறுநாள் விடியலில் அவ்விடத்தில் அமர்வதே சிறந்தது. மண்புழுவை எல்லா மீன்களும் உண்ணும். அதுவே அதன் குறை. ஜிலேபியும் கெளுத்தியும் முந்திக்கொள்ளும்.

நரம்பு மெல்லியதாக இருத்தல் வேண்டும். நைலான் நரம்பின் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது, புளோரோகார்பன் நரம்பிற்கு அது 1.42. நீரின் எண்ணுக்கு நெருங்கியது என்பதால் பின்னது நீரில் குறைவாகத் தெரியும். எனினும் நடுநீரில் விறைப்பாக நிற்கும் எந்த நரம்பும் மீனின் துடுப்பில் உரசும். முள்ளுக்கு அருகில் உள்ள நரம்பு தரையோடு தரையாகப் படுத்திருக்குமாறு சிறு ஈயக்குண்டு ஒன்றைச் சேர்ப்பது பயன்தரும். தக்கைக்கு மயிலிறகுத் தண்டோ நெட்டித் துண்டோ போதுமானது. கடையில் விற்கும் சிவப்புப் பிளாஸ்டிக் தக்கை பிடிப்பவர் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது. மீனின் கண்ணுக்கும் அப்படியே.

துப்பிவிடும் மீனுக்கான விடை இங்கிலாந்தில் 1980-ஐ ஒட்டிய காலத்தில் கிடைத்தது. லென்னி மிடில்டன், கெவின் மேடாக்சு ஆகிய இருவர், தொட்டியில் வளர்த்த கெண்டைகள் இரையை எவ்வாறு சோதிக்கின்றன என்பதைக் கவனித்து, இரையை முள்ளில் குத்தாமல் முள்ளின் அடியிலிருந்து தொங்கும் மெல்லிழையில் கோக்கும் முறையை உருவாக்கினர். தொடக்கத்தில் இழையாகத் தலைமுடியே பயன்பட்டதால் இது மயிரிழைக் கட்டு எனப்படுகிறது. மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் உடன்செல்கிறது. துப்பும்போது முள் உதட்டில் பற்றுகிறது. வேகவைத்த இரண்டு மக்காச்சோள மணிகள் இவ்விழைக்கு அளவாகப் பொருந்தும்.

கிணற்றுத் தூண்டில்

பாசனக் கிணற்றில் கெண்டை பிடித்தல் மேற்கூறிய இடர்கள் அனைத்தும் ஒன்றுசேரும் இடமாகும். நீர் தெளிவு, சுவர் செங்குத்து, எட்டிப்பார்ப்பவரின் தலை நேர் மேலே சாளரத்தின் நடுவில் தோன்றும். சுருக்கமும் எதிரொளிப்பும் அங்கு உதவா. தலை தெரிந்த கணமே மீன்கள் அடியிலுள்ள பாறை இடுக்கிற்குச் சென்றுவிடும். ஆகவே எட்டிப்பார்க்காமல், நீண்ட கோலை மட்டும் கிணற்றின் விளிம்பிற்கு மேல் நீட்டி, நரம்பை விரலில் பிடித்து இழுப்பை உணர வேண்டும். நரம்பின் நீளத்தை முன்னரே அளந்து முடிச்சிட்டு வைத்தால் முள் நிற்கும் ஆழம் பார்க்காமலே தெரியும். மீன் மாட்டியபின் செங்குத்தாக மேலே தூக்கினால் அதன் எடை முழுவதும் நரம்பில் விழும். மெல்லிய நரம்புடன் கிணற்றில் பெருங்கெண்டை பிடிக்க முயல்பவர் நீண்ட கயிற்றில் கட்டிய கூடை ஒன்றையும் வைத்திருத்தல் நலம்.

இதற்கு நேர்மாறானது, புதுக்கோட்டை, சிவகங்கை முதலிய மாவட்டங்களில் கோடையில் கண்மாய்கள் வற்றும்போது நடைபெறும் மீன்பிடித் திருவிழா. ஊர்மக்கள் ஒருசேர இறங்கி நீரைச் சேறாக்கி, ஊத்தா என்னும் அடியில்லாக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே கையை விட்டுத் தடவி மீனை எடுப்பர். அங்குக் கலங்கலே கருவி.

கெண்டையின் நினைவாற்றல்

1960-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் பியூக்கெமா என்னும் ஆய்வாளர் குளத்துக் கெண்டைகளுக்கு அடையாளமிட்டு, தூண்டிலில் பிடித்து விடுவித்துச் சோதித்தார். ஒருமுறை முள்ளில் மாட்டிய மீன் மீண்டும் மாட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஒரே பட்டறிவில் அவை கற்றுக்கொண்டன எனவும், அந்நினைவு அடுத்த ஆண்டு வரை நீடித்தது எனவும் அவர் முடிவு செய்தார். எல்லாக் கெண்டைகளும் ஒரே அளவு எச்சரிக்கை உடையனவும் அல்ல. பண்ணையில் தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட கண்ணாடிக் கெண்டைகள், செதில் நிறைந்த கெண்டைகளைவிடத் துணிவு மிகுந்தவை எனவும் எளிதில் மாட்டுபவை எனவும் செருமனியில் நடந்த பிற்கால ஆய்வுகள் காட்டின.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு பிறக்கிறது. அவசரத்தில் முள்ளிழுத்துத் தவறவிட்ட மீன் இழந்த மீன் மட்டுமன்று; அக்குளத்தில் அடுத்து வருபவருக்கும் எட்டாத மீன். சிறிய கிணறு ஒன்றில் பத்துக் கெண்டைகள் இருந்து, அவை யாவும் ஒருமுறை முள்ளைச் சுவைத்திருந்தால், அக்கிணறு தூண்டிலைப் பொறுத்தவரை வெற்றுக் கிணறே. ஒரு மீன் மாட்டியதும் அதை மற்றவற்றிலிருந்து விலக்கிக் கொண்டுவந்து கரையேற்றுவதும், அவ்விடத்தை ஓய்வாக விடுவதும் இதனாலேயே.

வரலாறு

தென்னிந்தியாவில் குளத்துத் தூண்டிலைப் பற்றித் தனி நூலே உண்டு. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த என்றி சல்லிவன் தாமசு, 1873-இல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு நூலையும், 1887-இல் இந்தியக் குளங்களில் தூண்டிலிடுதல் பற்றி மற்றொரு நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இன்று நம் ஏரிகளில் காணப்படும் கெண்டைகளுள் பல அவர் காலத்தில் இங்கு இல்லை. சாதாக் கெண்டையின் செருமானிய வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. சமவெளிக்கு ஏற்ற ஆசிய வகை 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்தது. வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959-இல் வந்தன. 1957 சூலை 10 அன்று ஒடிசாவில் ஈராலால் சௌத்ரி, அலிக்குன்னி ஆகியோர் கபச்சுரப்பிச் சாற்றினை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அதுவரை ஆறுகளில் அள்ள வேண்டியிருந்த குஞ்சுகள் அதன்பின் பண்ணைகளில் கிடைத்தன. கங்கையின் மீன்களான ரோகுவும் மிர்காலும் ஆறில்லாத குரும்பலூரின் ஏரிகளுக்கு வந்து சேர்ந்த வழி இதுவே.

இங்கிலாந்தில், பெரிய கெண்டையைத் தூண்டிலால் பிடிப்பது ஏறத்தாழ இயலாதது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ரிச்சர்டு வாக்கர் 1952 செப்டம்பர் 13 அன்று ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு (சுமார் 20 கிலோ) எடையுள்ள கெண்டையைப் பிடித்தபின் அக்கருத்து மாறியது.

கெண்டைக் குடும்பத்தின் பேருருவமான மகசீர் காவிரியின் தெளிந்த மடுக்களில் வாழ்வது. காவிரியின் துணையாறான கபினியில் 1946-இல் வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு (சுமார் 54 கிலோ) மீனைப் பிடித்தார். கேழ்வரகு மாவு உருண்டையே இம்மீனுக்குப் புகழ்பெற்ற இரை. காவிரிக்கே உரிய திமில் மகசீர் 2018-இல் மிக அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அறிவிக்கப்பட்டது; அதனைத் தூண்டிலால் துன்புறுத்துவது தவிர்க்கப்பட வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

ஏரிகளின் மீன்பாசி உரிமை ஏலத்தில் விடப்படுகிறது. குத்தகைதாரர் காசு கொடுத்துக் குஞ்சு விட்டிருப்பார் என்பதால் அவருடைய இசைவு பெற்றே தூண்டில் இடுதல் வேண்டும். கிணறு உரியவரின் உடைமை. கோயில் திருக்குளங்களிலும் பறவைகள் காப்பகங்களிலும் மீன் பிடித்தல் கூடாது. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

தூண்டிலுக்குச் சிக்காத மீனுக்கு வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படி குற்றமாகும். வெடி ஒரு மீனைத் தேர்ந்தெடுப்பதில்லை. குஞ்சுகளும் முட்டைகளும் அதனுடன் அழிகின்றன.

கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல், கருங்கல் குழிகளின் தெளிவு ஏமாற்றக்கூடியது. ஏரிக்கு உள்ளதுபோல் சரிவான கரை அவற்றிற்கு இல்லை. விளிம்பிலிருந்து ஓரடி எடுத்து வைத்தாலே பல மீட்டர் ஆழம். ஒளிவிலகலால் நான்கு மீட்டர் ஆழம் நேர்மேலிருந்து பார்ப்பவருக்கு மூன்று மீட்டர் போலவே தோன்றும். வெட்டப்பட்ட சுவரில் பற்றி ஏறப் பிடிமானமும் இராது. சிக்கிய முள்ளை எடுப்பதற்காக இத்தகைய குழிகளில் இறங்குதல் கூடாது; நரம்பை அறுத்துவிட வேண்டும். நீச்சல் தெரிந்த சிறுவர்களும் பெரியவர் துணையின்றி இக்குழிகளுக்குத் தூண்டிலுடன் செல்லலாகாது.